நீலப் புள்ளி

முத்தையன்கட்டு வலதுகரையில்
பாதி வீடுகளுக்கு இலக்கம் இல்லை.
தபால்காரருக்கு முகங்கள் தெரியும்,
எனக்கு வயிறுகள்.
இருபத்தெட்டு வாரம், வாய்க்கால் மூலை.
முப்பத்தாறு வாரம், எரிந்த பாலைக்குப் பின்னால்.
இப்படித்தான் என் பதிவேடு.

யோகமலருக்குப் பன்னீர்க்குடம் உடைந்த இரவு
மாரி மழை. வீதிக்கு மேலால் தண்ணீர்.
1990-க்கு அடித்தேன்.
கொழும்பிலிருந்து ஒரு தமிழ்க்குரல்:
"முகவரி சொல்லுங்கோ அம்மா."
முகவரியா?
"யானை வேலி முடியிற இடத்தில..." என்று தொடங்க
எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.
"சரி, லொக்கேசனை ஓன் பண்ணுங்கோ."

படத்தில் பாதை இல்லை, குளம்கூட இல்லை,
வெறும் சாம்பல் நிறம்,
அதன் நடுவில் துடித்துக்கொண்டு ஒரு நீலப் புள்ளி.
அது நாங்கள்:
நான், யோகமலர், கைவிளக்கு,
தலை திரும்பிக்கொண்டிருந்த இன்னொருத்தி.

நாற்பது நிமிடத்தில்
இந்தப் பக்கமே வந்திராத சாரதி
ஒருவரையும் வழி கேட்காமல்
முற்றத்துச் சேற்றில் கொண்டுவந்து நிறுத்தினான்.
அந்தப் புள்ளியை எடுத்து
நெற்றியில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு ஒருவர் வந்தார்.
சேர்ட்டை வெளியே விட்டிருந்தார், சப்பாத்து மட்டும் மினுங்கியது.
கிளினிக் வாங்கில் கர்ப்பிணிகளுக்கு நடுவே இருந்து
தன் முறை வரும்வரை காத்திருந்தார்.
"போன செவ்வாய் எங்க இருந்தனீங்கள் மிஸ்?
முல்லைத்தீவில, பத்து முப்பத்தைஞ்சிலயிருந்து ஒரு மணிவரை,
ஒரே இடத்தில?"
எங்கே என்று அவருக்குத் தெரியும்.
தகரக் கொட்டகை. வரிசையாய்ப் படங்கள்.
சும்மா தெரிஞ்சுகொள்ளத்தான், என்றார்.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
போனா, ரவரா,
பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்தவனா?
எதுவென்று எனக்குத் தெரியாமலிருப்பதே
அவருக்குப் பாதி வேலை.

தம்பி கடைசியாய் நின்ற இடத்தை மட்டும்
நேரம் போட்டு, மீற்றர் போட்டு
ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.
பாலத்துக்கு இந்தப் பக்கமா
அந்தப் பக்கமா என்றுகூட.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகளில்
போன் அரிசி வாளிக்குள் கிடந்தது.
மூடி போட்டு, முழுச் சார்ஜோடு.
பார்க்கிறவர்கள் பார்த்தால்
மிஸ் நாள் முழுக்கச் சமைக்கிறா என்றிருக்கும்.
நான் யன்னலோரம் வெறுங்கையோடு பஸ்ஸில்.
பத்து வயது குறைந்த மாதிரி.
நாலு செவ்வாய் அப்படி.

ஐந்தாவதில், பொழுதுபட வந்து மூடியைத் திறந்தால்
பதினொரு மிஸ்ட் கோல்.
எல்லாம் ஒரே இலக்கம்.
நிரோசாவுக்கு நாள் வர மூன்று கிழமை இருந்தது.
உழவு மெசின் பெட்டியில், வைக்கோலுக்கு மேல்,
பேராற்றுச் சந்தி தாண்டமுதல்
பிள்ளை பிறந்துவிட்டது.
பிழைத்தார்கள். இரண்டு பேரும்.

மாமி என்னைத் திட்டவில்லை.
கொடியைக் கட்டிய சீலைக் கிழிசலை
இன்னும் கையில் சுற்றி வைத்திருந்தா.
"எங்க இருந்தனீங்கள் மிஸ்?"

அதே மூன்று சொல்.
அவருக்குச் சொல்லாததை
இவவுக்குச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சீலையைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினா.
"எங்கட மூத்தவன்ர படமும் அங்கதான் தொங்குது.
இடப்பக்கம், மூண்டாவது."

நாளை செவ்வாய்.
பதிவேட்டில் நிறைமாதக்காரிகள் இரண்டு பேர்,
ஒருத்திக்குப் பிரசர் வேறு.
போனைக் கொண்டுபோகிறேன், புள்ளியோடு.
துணிச்சல் என்று யாரும் சொல்லவேண்டாம்.
சப்பாத்துக்காரர் வாங்கில் வந்திருந்தால்
நிறுத்துப் பார்த்து, பிரசரும் பார்த்து அனுப்புகிறேன்.

வாளியிலிருந்து எடுத்துத் துடைக்கும்போது கண்டேன்,
சார்ஜ் குத்தும் துளைக்குள்
ஒரு குறுணி அரிசி.
ஊசியால் நோண்டிக்கொண்டிருக்கிறேன்.
வருகுதில்லை.